காஸா போரும் அயர்லாந்து செனட்டரின் மசோதாவும்

காஸா மீது குண்டுகள் விழும்போதெல்லாம் உலக நாடாளுமன்றங்கள் கண்டனம் தெரிவிக்கின்றன. கண்டனத்தைத் தாண்டி அவற்றால் என்ன செய்ய முடியும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது நாம் அறிந்துகொள்ள வேண்டியவர், அயர்லாந்தின் செனட்டர் ஃபிரான்சஸ் பிளாக்.

டப்ளினைச் சேர்ந்த இவர் புகழ்பெற்ற பாடகி. எந்தக் கட்சியையும் சாராமல் 2016-ல் மேலவைக்குத் தேர்வானார். 2018 ஜனவரியில் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகள் தொடர்பான மசோதாவை அங்கு கொண்டுவந்தார்.

இது இஸ்ரேலுடனான வணிகம் முழுவதையும் தடை செய்யும் மசோதா அல்ல. 1967 முதல் ஆக்கிரமிப்பில் உள்ள மேற்குக் கரையிலும் கிழக்கு ஜெரூசலத்திலும் இஸ்ரேல் அமைத்துள்ள சட்டவிரோதக் குடியேற்றங்களுடன் நடக்கும் வணிகத்தை மட்டுமே அது தடுக்கிறது. ஃபலஸ்தீனர்களிடமிருந்து பறித்த நிலத்தில் விளையும் பேரீச்சம் பழம் அயர்லாந்துக் கடைக்கு வரக்கூடாது என்பதே அதன் சாரம். ஆக்கிரமித்த நிலத்தில் சொந்த மக்களைக் குடியேற்றுவதை நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் தடை செய்கிறது. பிளாக்கின் வாதம் இந்தச் சட்ட அடிப்படையில் நின்றது.

2018 ஜூலை 11 அன்று மேலவையில் 25 வாக்குகள் ஆதரவாகவும் 20 எதிராகவும் விழுந்தன. 2019 ஜனவரியில் கீழவையும் 78-45 என்ற கணக்கில் மசோதாவை அடுத்த கட்டத்திற்கு அனுப்பியது. அங்கேதான் முட்டுக்கட்டை விழுந்தது. அரசுக்குச் செலவு வைக்கும் மசோதா மேலே நகர, அயர்லாந்தில் அரசின் பரிந்துரை வேண்டும். அரசு அதைத் தரவில்லை. வணிகக் கொள்கை ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரத்திற்கு உட்பட்டது, தனி நாடு தடை விதிக்க முடியாது என்றது. மசோதா ஆண்டுக்கணக்கில் முடங்கியது.

2023 அக்டோபரில் தொடங்கிய காஸா போர் அதை மீண்டும் விவாதத்திற்குக் கொண்டுவந்தது. 2024 மே 28 அன்று அயர்லாந்து ஃபலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தது. அதே ஆண்டு ஜூலையில், இந்த ஆக்கிரமிப்பு சட்டவிரோதமானது, அது நீடிக்க உதவும் வணிகத்தை நாடுகள் தடுக்க வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் கருத்துரை வழங்கியது. அதன்பின் அரசு தன் பழைய நிலைப்பாட்டை மறுபரிசீலனை செய்தது. 2025 ஜூனில் அரசே ஒரு வரைவை வெளியிட்டது. ஆனால் அதில் பொருட்களுக்கு மட்டுமே தடை இருந்தது. சுற்றுலா போன்ற சேவைகளையும் சேர்க்க வேண்டும் என்று பிளாக் வலியுறுத்தினார். அந்த வரைவை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவும் அதையே பரிந்துரைத்தது.

கடையில் எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்பதை நம் குடும்பங்கள் முடிவு செய்யலாம். அந்தச் சரக்கைத் துறைமுகத்திலேயே தடுக்கச் சட்டம் தேவை. அச்சட்டத்திற்காக ஒருவர் ஆண்டுக்கணக்கில் பொறுமையுடன் போராடியிருக்கிறார். அநீதிக்கு எதிராக நிற்பவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், அவருடைய உழைப்பை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம்.