கரடுமுரடான சேற்றுக்கு ஒரு ரப்பர் குழாய்
பெரிஸ்டால்டிக் பம்பு: வெட்டுத் தோற்றம்

சுழலும் உருளைகள் குழாயை நசுக்கிக்கொண்டே நகர்கின்றன. முன்னால் இருக்கும் சேறு தள்ளப்படுகிறது. பின்னால் குழாய் பழையபடி விரிந்து, புதிய சேற்றை உறிஞ்சுகிறது.

சுரங்கக் கழிவுச் சேறு, சுண்ணாம்புக் குழம்பு போன்றவற்றில் உள்ள துகள்கள் மற்ற பம்புகளின் இம்பெல்லரையும் சீலையும் அரித்துவிடும். இங்கே பம்புக்குள் அவை தொடுவது குழாயின் உட்சுவரை மட்டுமே.

வெட்டுமுகத்தைப் பாருங்கள்: உள்ளே வழவழப்பான ரப்பர், நடுவே நைலான் நூல் அடுக்குகள், வெளியே மீண்டும் ரப்பர். உருளை நசுக்கும்போது துகள் ரப்பருக்குள் அமுங்குகிறது. உருளை கடந்ததும் ரப்பர் அதை விட்டுவிடுகிறது.

அழுத்தம் அளவோடு இருக்க வேண்டும். கூடினால் குழாய் சூடேறிச் சீக்கிரம் வெடிக்கும். குறைந்தால், மூடாத இடுக்கு வழியே சேறு வேகமாகப் பின்னோக்கிப் பாய்ந்து உட்சுவரை அறுக்கும்.

பெரும்பாலும் குழாயின் ஆயுளைத் தீர்மானிப்பது அது எத்தனை முறை நசுங்குகிறது என்பதே. இரண்டு உருளைகள் நிமிடத்துக்கு 30 சுற்று சுற்றினால், குழாய் ஒரு மணி நேரத்தில் 3,600 முறை நசுங்கும். அதனால்தான் இத்தகைய சேற்றுக்குப் பெரிய பம்பை வைத்து மெதுவாக ஓட்டுகிறார்கள்.