மெழுகுக் கட்டியிலிருந்து கணனித் திரை வரை

மார்பகப் புற்றுநோயை ஆராயும் வைத்தியருக்குக் கணனி எவ்வாறு உதவுகிறது?

மார்பில் ஒரு கட்டி தென்பட்டால், வைத்தியர் ஊசியினாலோ சிறு வெட்டினாலோ அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். “ரிப்போட் வந்த பிறகு வாருங்கள்” என்று சொல்லுவார்கள். அந்த நாட்கள் குடும்பம் முழுவதையும் வாட்டும் நாட்கள். ஆனால் அந்தத் துண்டுக்கு என்ன நடக்கிறது, அதை யார் பார்க்கிறார், எதைக் கொண்டு முடிவு செய்கிறார் என்பதை எம்மில் அநேகருக்கு எவரும் விளக்கிச் சொன்னதில்லை. இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய் என்பதால், இதை நாம் அறிந்திருப்பது நல்லது.

துண்டின் பயணம்

எடுக்கப்பட்ட துண்டு பழுதடையாதிருக்க முதலில் போர்மலின் திரவத்தில் இடப்படுகிறது. பின்னர் அதை மெழுகில் அமிழ்த்திக் கட்டியாக்குகிறார்கள். அந்த மெழுகுக் கட்டியை ஒரு கூரிய அலகுள்ள இயந்திரம் மிக மெல்லிய சீவல்களாகச் சீவுகிறது. ஒரு சீவலின் தடிப்பு 3 அல்லது 4 மைக்ரோன். எமது தலைமயிரின் தடிப்பில் அது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு.

சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறார்கள். மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து பெறப்பட்ட சாயம், கலங்களின் கருவை நீல ஊதாவாக்குகிறது. இன்னொரு சாயம் ஏனைய பகுதிகளை இளஞ்சிவப்பாக்குகிறது. அதன்பின் நோயியல் வைத்தியர் அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கிறார். நோயாளி அவரைச் சந்திப்பது அரிது. ஆனால் சத்திரசிகிச்சை, மருந்து, கதிர்ச் சிகிச்சை எல்லாம் அவர் எழுதும் ரிப்போட்டிலேயே தங்கியிருக்கின்றன.

மூன்று கேள்விகள்

புற்றுநோய் என்று தெரிந்தால், அது எவ்வளவு வேகமானது என்று அறிய வேண்டும். இதற்கு 1957 இல் புளூம், ரிச்சட்சன் ஆகியோர் வகுத்த முறையை 1991 இல் இங்கிலாந்தின் நொட்டிங்காமில் எல்ஸ்ரனும் எல்லிஸும் திருத்தியமைத்தனர். இன்றும் உலகெங்கும் பயன்படுவது அதுவே. கேள்விகள் மூன்று: கலங்கள் இயல்பான மார்பகத்தில் இருப்பதுபோலக் குழாய் வடிவில் அடுக்கப்பட்டிருக்கின்றனவா? கருக்கள் ஒரே அளவாக இருக்கின்றனவா, அல்லது தாறுமாறாக இருக்கின்றனவா? பிரிந்துகொண்டிருக்கும் கலங்கள் எத்தனை?

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை புள்ளி. கூட்டுத்தொகை 3 முதல் 5 வரையெனில் முதலாம் தரம். 6 அல்லது 7 எனில் இரண்டாம் தரம். 8 அல்லது 9 எனில் மூன்றாம் தரம். மூன்றாம் தரமே வேகமாக வளரக்கூடியது.

கேட்க இலகுவாக இருக்கிறது. ஆனால் நெருக்கமாக விளைந்த வயலில் நின்று கோரையை எண்ணிப் பாருங்கள். காலையில் எண்ணியதும் மாலையில் களைத்து எண்ணியதும் ஒன்றாக இராது. இருவர் எண்ணினால் இரண்டு கணக்கு வரும். ஒரே தகட்டைப் பார்த்து ஒரு வைத்தியர் இரண்டாம் தரம் என்றும், இன்னொருவர் மூன்றாம் தரம் என்றும் சொல்வது உண்டு. அந்த வித்தியாசத்தால் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் மருந்தே மாறிவிடலாம்.

கணனியின் வேலை

இங்கேதான் கணனி உதவிக்கு வருகிறது. தானியங்கி நுணுக்குக்காட்டிப் படக்கருவி கண்ணாடித் தகட்டைச் சிறிது சிறிதாகப் படம் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே பெரும் படமாகப் பொருத்துகிறது. ஒரு தகட்டின் படத்தில் கோடிக்கணக்கான புள்ளிகள் இருக்கும். வைத்தியர்கள் முன்னரே “இது புற்றுக்கலம், இது நல்ல கலம்” என்று அடையாளமிட்ட பல படங்களைக் கணனிக்குக் காட்டிப் பழக்குகிறார்கள். எது களை, எது பயிர் என்று பிள்ளைக்குக் காட்டிக் கொடுப்பது போன்றதே இது. பழகிய கணனி, புதிய படத்தில் சந்தேகமான இடங்களைக் குறித்துக் காட்டும். பிரியும் கலங்களை எண்ணும்.

2011 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ பெக், டப்னி கோலர் ஆகியோரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. நெதர்லாந்தில் 248 பெண்களினதும், கனடாவின் வன்கூவரில் 328 பெண்களினதும் இழையப் படங்களைக் கணனி ஆராய்ந்தது. அது அளந்த அம்சங்கள் 6,642. யார் நீண்டகாலம் உயிர்வாழ்வார் என்பதை அவ்வளவுகளைக் கொண்டு ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடிந்தது. எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. புற்றுக்கலங்களில் மட்டுமன்றி, அவற்றைச் சூழ்ந்துள்ள தொடுப்பிழையத்திலும் முக்கியமான அடையாளங்கள் இருந்தன. பயிரைப் பார்ப்பவன் மண்ணையும் பார்க்க வேண்டும் என்பது விவசாயிக்குப் புதிதல்ல.

நெதர்லாந்தில் நடந்த போட்டி

புற்றுநோய் பரவத் தொடங்கினால், பெரும்பாலும் முதலில் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையே அடையும். அவற்றில் மறைந்திருக்கும் சிறு கூட்டங்களைக் கண்டுபிடிப்பது கடினம். 2016 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதற்கென ஒரு போட்டி வைத்தனர். 23 குழுக்கள் 32 கணனி முறைகளை அனுப்பின. பரீட்சைக்கு 129 தகடுகள். அவற்றுள் 49 இல் புற்றுநோய் இருந்தது.

வேலைநாளின் அவசரத்தைப் போலவே, 11 வைத்தியர்கள் ஏறக்குறைய 2 மணித்தியாலத்தில் அவற்றைப் பார்த்தனர். அவர்கள் சராசரியாகக் கண்டுபிடித்தது 31. நேரக் கட்டுப்பாடின்றி, ஏறக்குறைய 30 மணித்தியாலம் செலவிட்டுப் பார்த்த ஒரு வைத்தியர் 46 ஐக் கண்டுபிடித்தார். மிகச்சிறந்த கணனி முறை அவருக்கு ஈடாக நின்றது. 7 முறைகள் அவசரமாகப் பார்த்த 11 பேரின் சராசரியை விட நன்றாகச் செய்தன.

இதிலிருந்து வைத்தியர்கள் திறமையற்றவர்கள் என்று எண்ணக்கூடாது. அவர்களிடம் குறைவாக இருப்பது நேரம். கணனி களைப்பதில்லை. ஆனால் தன்னந்தனியே முடிவெடுக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கவும் முடியாது.

எங்கே தவறக்கூடும்?

ஓர் ஆய்வுகூடத்தின் சாயம் சற்றுக் கடுமையாகவும் இன்னொன்றின் சாயம் மெல்லியதாகவும் இருக்கும். படக்கருவிகளும் வேறுபடும். ஓரிடத்துப் படங்களில் பழகிய கணனி, வேறிடத்துப் படத்தைத் தவறாக வாசிக்கலாம். ஒரு பகுதி மண்ணுக்கு ஏற்ற விதையை வேறு மண்ணில் பரீட்சிக்காமல் முழு வயலிலும் விதைப்பதில்லை அல்லவா? இதுவும் அப்படித்தான். எந்த வைத்தியசாலையிலும் இதைப் பாவிக்கு முன் அங்குள்ள தகடுகளைக் கொண்டே சோதிக்க வேண்டும். படக்கருவியின் விலை, மின்சாரம், படங்களைச் சேமிக்கும் வசதி என்பனவும் சிறிய செலவல்ல. துண்டு சரியாக எடுக்கப்படாவிட்டால், போர்மலினில் உரிய நேரத்தில் இடப்படாவிட்டால், எந்தக் கணனியாலும் அதைத் திருத்த முடியாது.

நாம் செய்யக்கூடியவை

• மார்பில் அல்லது அக்குளில் கட்டி, தோலில் குழி, முலைக்காம்பில் இரத்தக் கசிவு தென்பட்டால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். அநேகமான கட்டிகள் புற்றுநோயல்ல. ஆனால் அதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

• “ஊசி குத்தினால் நோய் பரவும்” என்ற பேச்சை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். தாமதமே ஆபத்து.

• ரிப்போட் வந்ததும் “என்ன தரம்? ஹோர்மோன் சோதனை செய்தீர்களா? ஹெர்-2 சோதனை செய்தீர்களா?” என்று கேளுங்கள். இவற்றைக் கேட்பது நோயாளியின் உரிமை.

• ரிப்போட்டின் பிரதி ஒன்றைக் கிளினிக் கொப்பியுடன் பொலித்தீன் பையில் வைத்திருங்கள். வைத்தியசாலையின் பெயர், திகதி, ரிப்போட்டில் உள்ள இலக்கம் மூன்றையும் வேறு ஒரு தாளில் எழுதி உறவினர் ஒருவரிடம் கொடுங்கள்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசி விடயம் மிக முக்கியமானது. ஓடும்போது கடதாசிகள் தொலைந்துவிடும். ஆனால் ஆய்வுகூடங்கள் மெழுகுக் கட்டிகளைப் பொதுவாகப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைக்கும். அந்த இலக்கம் கையில் இருந்தால், போன இடத்து வைத்தியர் கட்டியைக் கேட்டுப் பெற்று, புதிய சீவல் எடுத்து மீண்டும் ஆராயலாம். மறுபடியும் ஊசி குத்த வேண்டிய தேவையும், சிகிச்சை தொடங்கப் பிந்துவதும் அதனால் தவிர்க்கப்படலாம்.