நுவரெலியாவிற் புள் காணும் காலை

தோட்டங்களிற் பிரட்டுக்கு ஆள் கூடும் அதிகாலையே புள் காண்பதற்கும் உரிய காலம். பூச்சி புழுக்கள் அசையத் தொடங்கும்போது பறவைகளும் ஈரநிலத்தில் இரைதேட இறங்கும். இதனை உளங்கொண்டு, பழைய மாணவராகிய நாம் சிலர், தை மாதக் காலையொன்றிற் படக்கருவிகளுடன் விக்ரோறியாப் பூங்காவினுட் புகுந்தோம்.

விக்ரோறியா அரசியாரின் வைரவிழா நினைவாக 1897இற் பெயர் பெற்ற பூங்கா இது. யூபிலி மலரில் இதனைப் பேசுதல் பொருத்தமே. இமயச் சாரலிற் குஞ்சு பொரிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும், வைகறையிலும் அந்தியிலும் கூவுதலால் அப்பெயர் பெற்ற ஆறுமணிக்குருவியும் பனிக்காலத்தை ஈண்டுக் கழிக்கின்றன. அண்மையிலுள்ள கல்வேஸ் வனமும் இவற்றின் புகலிடம். 1938இற் சரணாலயமான அவ்வனம், ஏறத்தாழ 29 ஹெக்டேயர் பரப்பினதேயாயினும், 2006இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது.

பூங்காவின் ஓடைக்கரையில் ஆறுமணிக்குருவியொன்று சருகு புரட்டிக்கொண்டிருந்தது. அருகே சேற்றில் ஒரு பிளாத்திக்குப் பை கிடந்தது. அதனை அகற்ற நம்முள் ஒருவர் எழுந்தார், பறவை பறந்தது. படம் கிடைத்திலது, பை கிடைத்தது.

அவர் செய்தது சரியோ என வழிநெடுகிலும் வாதிட்டோம். நெடும்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்க்கும் பறவையை ஒருமுறை வெருட்டுதலும் அதற்கு இழப்பே. ஆயினும், ஓடை கெடின் இரையும் கெடும். ஆதலின் மாணவர்காள், பறவை இரையுண்டு அகலும்வரை அசையாதிருங்கள். பின்னர்ப் பையை எடுங்கள்.