விலை சரிந்தால் வாங்கலாமா? மென்பொருள் பங்குகள் தரும் பாடம்

பங்குச் சந்தை சரியும்போது, "நல்ல நிறுவனத்தின் பங்கு மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?" என்ற கேள்வி பலருக்கு எழுவது இயல்பு. நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் தொழிலை எடுத்துக்கொள்வோம்.

சம்பளக் கணக்கு, வாடிக்கையாளர் விவரம், கிடங்குச் சரக்கு என எல்லாமே ஒரு மென்பொருளில் ஏறிவிட்டால், அதைச் சட்டென்று மாற்ற முடியாது. மந்த நிலையிலும் சந்தாப் பணம் வந்துகொண்டிருக்கும். அதுவே இத்தொழிலின் பலம்.

2022-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் பங்கின் விலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால், 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் வருமானம் 18 விழுக்காடு கூடி, 31 பில்லியன் அமெரிக்க வெள்ளியைத் தாண்டியது. பிறகு ஏன் சரிவு? அமெரிக்க மத்திய வங்கி அவ்வாண்டு வட்டியை வேகமாக உயர்த்தியது முக்கியக் காரணம். வட்டி ஏறினால், பின்னாளில் வரவிருக்கும் இலாபத்தின் இன்றைய மதிப்பு குறையும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா? 1999 இறுதியில் மைக்ரோசாஃப்ட் பங்கை உச்ச விலையில் வாங்கியவர்கள், அந்த விலையை மீண்டும் காண 2016 வரை காத்திருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நிறுவனத்தின் ஆண்டு வருமானம் ஏறக்குறைய நான்கு மடங்கானது. குறை நிறுவனத்தில் இல்லை, கொடுத்த விலையில்தான்.

எனவே, வாங்குமுன் மூன்றைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் சந்தாவைப் புதுப்பிக்கிறார்களா? செலவு போக ரொக்கம் மிஞ்சுகிறதா? இலாபத்தோடு ஒப்பிட்டால் பங்கின் விலை நியாயமானதா?

அடுத்த ஆண்டு பிள்ளைகளின் படிப்புக்குத் தேவைப்படும் பணத்தை இதில் போடக்கூடாது. பல ஆண்டுகள் காத்திருக்கக்கூடிய பணமே இதற்கு ஏற்றது.