மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு ட்ரெட்மில்லில் ஏறுங்கள்

ஜிம்களில் ட்ரெட்மில்லுக்கு எதிரே வண்ண அட்டவணை ஒன்று ஒட்டியிருக்கும். வயதைப் பார், நேரே உள்ள எண்ணைப் பார், இதயத்துடிப்பை அதுவரை ஏற்று. அவ்வளவுதான் பாடம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிற, ஐம்பதை நெருங்கும் பெண் ஒருவர் ஏறி ஓடுகிறார். வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, எண் மட்டும் 110-ஐத் தாண்டவில்லை. "இன்னும் டார்கெட் வரலையே மேடம்" என்று பயிற்சியாளர் வேகத்தைக் கூட்டுகிறார். அந்த எண்ணை ஏறவிடாமல் பிடித்து வைப்பதுதான் அவர் காலையில் விழுங்கிய மாத்திரையின் வேலை. இது ஓடுபவருக்கும் தெரியாது, ஓட்டுபவருக்கும் தெரியாது. இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்து அலுத்துவிட்டது.

ஆகவே முதலில் உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும், அதை விடுங்கள். கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், ப்ரொப்ரனோலால் என்று 'லால்' என முடிந்தால், அது பெரும்பாலும் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர். ரத்த அழுத்தத்துக்கு மட்டும்தான் தருவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒற்றைத் தலைவலி, கை நடுக்கம், தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவற்றுக்கும் ப்ரொப்ரனோலால் தருவதுண்டு. இவற்றைச் சாப்பிடுபவருக்குச் சுவர் அட்டவணை உதவாது. அதற்காக, ஜிம்முக்குப் போகிற நாளில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். இதய நோய் உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்கிறது அரசு. நல்லதுதான். மருந்து கொடுக்கும் ஜன்னலில் "இதைப் போட்டால் நாடி ஏறாது, எண்ணைத் துரத்தாதே" என்று சொல்லி அனுப்பும் ஆளை மட்டும் நான் இதுவரை பார்த்ததில்லை.

சுவர் அட்டவணையில் உள்ள அந்த எண் எங்கிருந்து வந்தது? 220-இலிருந்து வயதைக் கழிப்பது 1970-களின் தொடக்கத்தில் பரவிய கணக்கு. சிகாகோ பகுதியில் 35 வயதைக் கடந்த, நோய் அறிகுறி இல்லாத ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து, மார்த்தா குலாட்டி குழுவினர் 2010-இல் வேறு கணக்கு சொன்னார்கள்: வயதை 0.88-ஆல் பெருக்கி 206-இலிருந்து கழிக்க வேண்டும். 45 வயதுப் பெண்ணுக்குப் பழைய கணக்கில் உச்சத் துடிப்பு 175, இதில் 166. சுவர் அட்டவணை அவரை 85 சதவீதத்துக்கு, அதாவது 149-க்கு ஓட்டும். புதிய கணக்கில் அது அவருடைய உச்சத்தில் 90 சதவீதம். மிதமான பயிற்சி என்பது உச்சத்தில் ஏறக்குறைய 64 முதல் 76 சதவீதம். அவருக்கு 106-இலிருந்து 126 வரை. ஆனால் இதையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2001-இல் வந்த இன்னொரு கணக்கு இதே பெண்ணுக்கு 176 என்கிறது. எல்லாமே சராசரி, ஒரே வயதுள்ள இருவருக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வித்தியாசம் சாதாரணம்.

துடிப்பு காட்டும் கைக்கடிகாரத்தையும் அளவோடு நம்புங்கள். வளையல் இடிக்க, பட்டை தளர்ந்து ஆடும் கையில் அது காட்டுவது வெறும் ஊகம். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பயிற்சியை நிறுத்திய உடனே எண்ண வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து எண்ணினால் துடிப்பு இறங்கியிருக்கும். காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பும் ஒருமுறை எண்ணிக் குறித்து வையுங்கள். சும்மா படுத்திருக்கும்போதே அடிக்கடி 100-ஐ நெருங்கினால், ட்ரெட்மில் காத்திருக்கட்டும். ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அத்தனை பேரிடமும் "ஸ்டாமினா இல்லை, வேகமாக ஓடு" என்பதா?

கர்ப்பிணிகளிடம் "140-ஐத் தாண்டக் கூடாது" என்று இன்றும் சொல்கிறார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 1985-இல் சொன்னது அது, 1994-இலேயே கைவிட்டுவிட்டார்கள். கர்ப்பத்தில் ஓய்விலிருக்கும்போதே துடிப்பு கூடும் என்பதால், எண்ணைவிட மூச்சைத்தான் பார்க்க வேண்டும்.

மூச்சைப் பார்ப்பது எல்லாருக்கும் பொருந்தும், 'லால்' மாத்திரைக்காரர்களுக்கு மிகவும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அது மிதமான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடும் வேகம். வாரத்துக்கு 150 நிமிட மித வேகப் பயிற்சியாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பூங்காவில் சீரியல் கதை முழுவதையும் மூச்சிரைக்காமல் சொல்லி முடிக்கும் குழுக்கள், அந்த ஒரு மணி நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் விடியற்காலை நடக்கக் கிளம்புவது ஆபத்து. சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் 'லால்' மாத்திரை மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் மிஞ்சும். நடக்கிறவருக்கு வியர்ப்பதை யார் சந்தேகப்படுவார்கள்? எனவே, மறுபடி சொல்கிறேன்: மாத்திரை அட்டையைப் பாருங்கள்.

இனி காகித வேலை. ஜிம்மில் பணம் கட்டும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திரை அட்டைகளுடன் போங்கள். ரத்த அழுத்தம், நாடி, ஹீமோகுளோபின் பார்த்து ஓபி சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. "நடக்கலாம்மா, போங்க" என்று வாயால் சொல்லி அனுப்பினால் நகராதீர்கள். மித வேகமா, கடும் வேகமா, துடிப்பு எதைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். டிஎம்டி எனும் ட்ரெட்மில் இதயப் பரிசோதனை எடுத்திருந்தால் அந்த அறிக்கையில் நீங்கள் எட்டிய உச்சத் துடிப்பு அச்சாகியிருக்கும். எந்தக் கணக்கையும்விட அதுதான் உங்களுடைய எண். மாத்திரையை நிறுத்தி எடுத்ததா, போட்டுக்கொண்டு எடுத்ததா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியின் நடுவே நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது முதுகு வலி, குளிர் வியர்வை, குமட்டல், கண் இருட்டல் வந்தால் நிறுத்துங்கள். பெண்களுக்கு மாரடைப்பு பளிச்சென்ற நெஞ்சுவலி இல்லாமலும் வரும். "வாயுவாக இருக்கும்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.

ஜிம் தரும் உடல்நலப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மாத்திரைப் பெயர்களை அதில் எழுதி, போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ரசீதும் கட்டாயம் வாங்குங்கள்; ரசீது தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உங்கள் நிலையைத் தெரிந்துகொண்டே கடும் பயிற்சி கொடுத்து உடம்புக்குக் கேடு வந்தாலோ, குறையுள்ள சேவைக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர மறுத்தாலோ, முதலில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஜிம்மின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்த 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். மனுவோடு ரசீது, படிவம், ஓபி சீட்டு மூன்றின் நகல்களையும் இணையுங்கள். அசலை மட்டும் யார் கேட்டாலும் ஜிம்மில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.