நிறத்தை மறந்தால் முகம் தெரியும்

அரக்குச் சிவப்புப் புடவை, பச்சைக் கரை. நேரில் பார்த்தால் எடுப்பாக இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் பல நேரம் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். உதட்டுச் சிவப்புக்கும் நெற்றிக் குங்குமத்துக்கும் அதே கதிதான்.

தஞ்சோங் மாலிமின் பழைய கடைவீடுகள், சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் கல்லூரிக்காக 1922இல் திறக்கப்பட்ட சுலுஹ் புடிமான் கட்டடம் எனக் கறுப்பு வெள்ளைக்குப் பொருத்தமான பின்னணி நம் ஊர்ப்பக்கம் தாராளம். பின்னணியைத் தேடி அலைகிற அளவுக்கு மாடலின் ஒப்பனையை யோசிப்பவர்கள் குறைவு.

நிறம் படத்தில் சாம்பலாக மாறும்போது ஒப்பனை என்னாகும் என்பதைச் சினிமாக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1920களில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் சிவப்பை உணராது. சிவந்த உதடு கரியாகப் பதிந்தது. சிவந்த கன்னம் அழுக்காகத் தெரிந்தது. எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிம் ஹாலிவுட்டில் பரவியதும், மேக்ஸ் ஃபேக்டர் 1928இல் அதற்கென்றே தனி ஒப்பனைப் பொருட்களைக் கொண்டுவந்தார்.

இன்றைய டிஜிட்டல் கேமராக்களில் பெரும்பாலானவை வண்ணத்தில் பதிந்த படத்தைத்தான் சாம்பலாக மாற்றுகின்றன. மாற்றும்போது சிவப்பைத் தூக்கினால் தோல் வெளுக்கும், தழும்பு மங்கும். கூடவே உதடும் வெளிறும். நீலத்தைத் தூக்கினால் தோல் கறுத்து, ஒவ்வொரு பருவும் எழுந்து நிற்கும். இதைப் படமெடுப்பவரும் மேக்கப் போடுபவரும் முன்பே பேசிவைப்பது நல்லது.

வெளுப்பு வேண்டாம்

'படத்தில் சிவப்பாகத் தெரியணும்' என்று இரண்டு ஷேடு கூட்டிப் பூசினால் முகம் தனி, கழுத்து தனி என்று கோடு விழும். பவுண்டேஷன் கழுத்தோடு பொருந்த வேண்டும். கறுத்த தோலின் அழகே மினுமினுப்புதான்; கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் விழும் ஒளி முகத்துக்கு வடிவம் தருகிறது. பவுடரை அப்பினால் அந்த வடிவம் போய்விடும். வழியும் எண்ணெயை மட்டும் ஒற்றி எடுத்தால் போதும். ஜிகினாத் துகள் வெள்ளைப் புள்ளியாகப் பதியும். டைட்டானியம் டைஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனும் சிலிக்கா பவுடரும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

உதடு, கன்னம், பொட்டு

மாநிறத்துக்கு நடுத்தரச் சிவப்பு லிப்ஸ்டிக் தோலோடு கலந்து உதட்டையே மறைத்துவிடலாம். கரும்பழுப்போ திராட்சை நிறமோ தேர்ந்தெடுத்து ஓரத்தைத் தெளிவாக வரையுங்கள். கன்னத்து ரூஜ் நிழலாகப் பதியும் என்பதால் அதைக் கன்ன எலும்புக்குக் கீழே அளவாக வையுங்கள். புருவத்தின் இடைவெளிகளை நிரப்பி, கண்மையை அழுத்தமாகத் தீட்டலாம். கறுத்த நெற்றியில் குங்குமம் அமுங்கிப்போகும். அதன் மேலே மெல்லிய சந்தனக் கீற்று இட்டால் பொட்டு எழுந்து வரும்.

மேக்கப் முடிந்ததும் கைப்பேசிக் கேமராவைக் கறுப்பு வெள்ளையில் (மோனோ) வைத்து, படமெடுக்கப்போகும் அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எது மறைகிறதோ அதை ஒரு படி அடர்த்தியாக்குங்கள், அல்லது ஒரு படி வெளிறச் செய்யுங்கள். மாடல் கண்ணாடியைப் பார்த்து 'கொஞ்சம் அதிகமா இருக்கே' என்று முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், படம் பார்க்கப்போகிறவர்கள் அந்தக் கண்ணாடியைப் பார்க்கப்போவதில்லை.