விசரோ, குணமோ?

குருமண்வெளித் துறையில் பாதையேறி மண்டூருக்கு வாவியைக் கடப்போர்க்கு, அக்கரை சேரும்வரை பேச்சுக்குப் பஞ்சமிராது. ஒருநாள் மாலை பெரியவரொருவர் பத்திரிகையிற் கொலைச் செய்தியொன்றைப் படித்துவிட்டு, "விசரன் செய்த வேலை, தம்பி! புத்தியுள்ளவன் இப்படிச் செய்வானா?" என்றார். அருகில் நின்ற மாணவனோ, "விசரென்று சொல்லித் தப்பிவிடுவான், பெரியப்பா" என்றான். இருவர் சொல்லும் எனக்கு ஒவ்வவில்லை. இறங்கி நடக்கும்போது ராமன் ராகவன் என்ற தமிழனின் கதையை அவர்களுக்குச் சொன்னேன்.

1960களிற் பம்பாயின் புறநகர்களை நடுங்க வைத்தவன் அவன். நடைபாதையிலும் குடிசையிலும் உறங்கிய ஏழைகளை நள்ளிரவில் அடித்துக் கொன்றான். 1968 ஓகஸ்டிற் பிடிபட்டான். மறு ஆண்டு நடந்த வழக்கில், அவனை ஒரு மாதத்துக்கு மேல் அவதானித்த பொலிஸ் வைத்தியர் மனநோய் இல்லையென்றார். எதிரி தரப்பு வைத்தியரோ நாட்பட்ட மனச்சிதைவு நோய் என்றார். கொல்வதென்பது அவனுக்குத் தெரியும், அது தவறென்பதுதான் தெரியாது என்பது அவர் வாதம். நீதிமன்று மரணதண்டனை விதித்தது. மேன்முறையீடே வேண்டாமென்று இருந்துவிட்டான் அவன்!

உயர் நீதிமன்று மூன்று மனநோய் வைத்தியர்களை நியமித்தது. அவர்கள் ஐந்து முறை அவனோடு பேசினார்கள். உலகம் இரண்டு, ஒன்று சட்டத்தின் உலகம், தான் அதன் பிரதிநிதி என்று அவன் திடமாக நம்பினான். அக்பர் அரசு, பிரித்தானிய அரசு, காங்கிரஸ் அரசு ஆகிய மூன்றும் தன்னைத் துன்புறுத்துவதாகவும் கூறினான். நோய் உண்மையே என்று குழு சான்று பகர்ந்தது. 1987இல் மரணதண்டனை ஆயுட்சிறையாயிற்று.

1843இல் லண்டனில், பிரதமரின் செயலாளரைச் சுட்ட மக்நாட்டன் என்பவனின் வழக்கிலிருந்து பிறந்தது இச்சட்டநெறி. நம் நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: சித்தசுவாதீனமின்மையால், தன் செயலின் தன்மையையோ, அது பிழையென்பதையோ அறிய இயலாதவன் குற்றவாளியல்லன். அதனால் அவன் மறுநாளே வீடு திரும்புவான் என்று எண்ணவேண்டாம், காவலிலேயே வைக்கப்படுவான். தம்பி நினைத்ததுபோல் அது எளிதிற் தப்பும் வழியன்று.

பெரியவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. பெரும்பாலும் மேலைநாட்டுச் சிறைகளில், ஏறக்குறைய 23,000 கைதிகளைப் பற்றிய 62 ஆய்வுகளைத் தொகுத்து, 2002இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. ஆண் கைதிகளில், ராமனைப்போல் மெய்ம்மையோடு தொடர்பிழந்த கடும் மனநோயாளர் நூற்றுக்கு நால்வர் மட்டுமே. சமூகவிரோத ஆளுமைக் கோளாறு உடையோரோ நூற்றுக்கு நாற்பத்தேழு பேர்! பொய், முன்கோபம், பிறர் துயரிற் பராமுகம், செய்ததற்கு வருந்தாமை ஆகியவை இளமையிலேயே வேரூன்றிய குணங்கள் இவை. இத்தகையோருக்குச் சரி பிழை நன்றாகவே தெரியும். எனவே சட்டம் அவர்களை மன்னிப்பதில்லை.

ஆயினும் ஊர்வாய் 'விசரன்' என்றே சொல்கிறது. அச்சொல் சிறையிலிருப்பவனைச் சுடுவதில்லை. எவரையும் தீண்டாது, மருந்துண்டு வீட்டிலிருக்கும் நோயாளியையும் அவன் தாயையுமே சுடுகிறது.

பெரியவர் சற்றுநேரம் பேசாது நடந்தார். பின்பு, "அந்த ராமன் கடைசியில் என்ன ஆனான், தம்பி?" என்று கேட்டார்.

"எரவாடாச் சிறையில் இருந்தான். 1995இல், புனே நகரத்துச் சசூன் வைத்தியசாலையில், சிறுநீரக நோயால் இறந்தான்" என்றேன்.